முழங்காலுக்கு வைத்த நேர்த்தி

புகை அறைக்குள் ரகசியம் பேசுவதில் ஒரு வசதி உண்டு. ஒட்டுக்கேட்க வருகிறவன் இரண்டு நிமிடத்தில் இருமிவிடுவான்.

எங்களுடையது கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். பாலை உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, கடைசியில் புகை போட்டுக் காய வைப்பார்கள். அந்த அறையின் அடுப்புக்கு விறகு தள்ளுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, ஆறாம் வகுப்பு ஆசிரியர் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பாராம் என்று யாரோ சொன்னதுதான் பாதிக் காரணம்.

அந்தப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னோடு திட்டம் போட்டவன் என் மச்சான், மனைவியின் தம்பி. டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். நான் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் சேர்த்து அவன் பேசுவான்.

திட்டம் இதுதான்: என் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் நாலு நாள் வடக்கே போவது. பாதை எங்கே முடிகிறதோ அதுவரை.

ஒன்பது வருடமாக அந்த வண்டி என்னிடம் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பெக்டரி, பெக்டரியிலிருந்து கேகாலைச் சந்தை. ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் பெல்மதுளை. அவ்வளவுதான் அது கண்ட உலகம். ஒருநாள் மச்சானிடம், "இப்படியே வடக்க போயிட்டே இருந்தா எங்க மாப்ள போய் நிக்கும்?" என்று கேட்டேன். "பருத்தித்துறை. அதுக்கு மேல போனா கடலுக்குள்ள விழணும்" என்றான். அன்றிலிருந்து எனக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கடலைக்கூட அல்ல. பாதை எப்படி முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை கிளம்ப இருந்த வாரம் மழை கொட்டி, மண் சரிந்து, எங்கள் தோட்டத்துப் பாதையே மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை நாட்டில் பெட்ரோல் இல்லை. பயணத்துக்கு ஒதுக்கிய நாட்களில் பெட்ரோல் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றோம். கேகாலையைத் தாண்டவில்லை. மூன்றாவது தடவையும் தவறினால் அவ்வளவுதான். மகனுக்கு டவுனில் ஒரு கடையில் வீடு வீடாகச் சாமான் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. சொந்தமாக வண்டி இருந்தால்தான் வேலை. ஒன்றாம் தேதியிலிருந்து சிவப்பு வண்டி அவனுடையது.

கலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் ஊர்களை வரிசையாக எழுதினேன். பொல்கஹவெல, குருநாகல், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம், பருத்தித்துறை. என் எழுத்து பெரியது. தாள் அதோடு நிரம்பிவிட்டது. முதல் நாள் வவுனியா. அங்கே மச்சானுக்குத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரர் வீட்டில் தூக்கம். இரண்டாம் நாள் பருத்தித்துறை. மூன்றாம் நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது. நாலாம் நாள் ஒரே ஓட்டமாகத் திரும்புவது. அந்த நாலாம் நாளைப் பற்றி இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை.

"கிளட்ச் கேபிள் ஒண்ணு, பிளக் ஒண்ணு, டியூப் ஒண்ணு" என்று மச்சான் விரல் மடக்கினான். "நான் புது ஹெல்மெட் ஒண்ணு வாங்குறேன். யாழ்ப்பாணத்துக்குப் போறோம், ஒடஞ்ச ஹெல்மெட்டோட போனா நம்மள என்னன்னு நெனப்பாங்க?"

"ஒன் அக்காகிட்ட யாரு சொல்றது?"

"கெளம்புற அன்னிக்குக் காலையில சொல்லுவோம் மச்சான். வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு சொல்லுவோம். சத்தத்துல பாதி கேக்காது."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அடுத்தது லீவு. பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்த்து நாலு நாள். சும்மா ஊர் சுற்ற என்றால் எங்கள் பெக்டரி ஓபீசர் தர மாட்டார், சாமி காரியம் என்றால் உடனே தருவார் என்பது மச்சான் கணிப்பு. ஓபீசர் சிங்களவர், நல்ல பக்திமான். நான் அவர் மேசை முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்தபடி, "பாரயக் தியெனவா சேர்" என்றேன். சிங்களத்தில் பாரம் என்றால் நேர்த்திக்கடன்; அப்படி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கோயில் என்று கேட்டால் யாழ்ப்பாணத்து முருகன் கோயில் என்று சொல்ல மனப்பாடம் பண்ணியிருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "ஹரி, ஹரி", சரி சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

பிறகுதான் தெரிந்தது, அன்று காலையில் எனக்கு முன்னால் அதே மேசைக்குக் கோயில் கமிட்டித் தலைவர் போயிருக்கிறார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து, லீவு கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அதே நாலு நாள். நீண்ட விடுமுறை எப்போது வருகிறது என்று கலண்டரைப் பார்க்கிறவர்கள் நாங்கள் மட்டுமா? அவர்களும் பார்க்கிறார்களே. ஓபீசர் தலைவரைக் கூப்பிட்டு, "உங்க ஸ்மோக் ரூம் ஆளுக்கும் பாரம் இருக்காமே" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் பூசாரியிடம் சொன்னார். தலைவரின் மனைவி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என் மனைவியிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி கேட்டாள். "ஒங்களுக்கு ஏதோ நேர்த்தியாம்ல?"

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. "ஆமா."

"யாருக்கு வச்சீங்க?"

அவள் அப்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலையில் பால் வெட்டி ஏறி இறங்கி அவளுக்கு இரண்டு வருடமாக அந்த வலி. கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டேன். "ஒன் முழங்காலுக்குத்தான்."

 "அப்பிடியா" என்றாள். உள்ளே போய்விட்டாள். அந்த அப்பிடியாவை நான் சரியாகக் கவனிக்காமல் விட்டது என் தப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டு. வெள்ளிக்கிழமை விடிய நாங்கள் கிளம்ப வேண்டும். வண்டிக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. மழைக்கோட்டு மடித்து வைத்தாயிற்று. "வாங்க, சாமி கும்பிட்டுட்டு வருவோம்" என்று மனைவி கூப்பிட்டாள். பயணத்துக்கு முன்னால் கும்பிடுவது நல்லதுதானே என்று போனேன்.

கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், எனக்கு வழக்கமான இடத்தில் நின்றேன். பூசாரி மஞ்சள் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார். "தீச்சட்டி எடுக்கிற நேர்த்திக்காரர் எங்கப்பா? ஸ்மோக் ரூம்காரர் எங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. இல்லை, நான் வேறு கோயிலுக்கு, என்று சொல்ல வேண்டும். அவ்வளவு பேருக்கு முன்னால் அத்தனை வார்த்தை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அதற்குள் யாரோ என் முதுகில் கை வைத்து நல்லாவே தள்ளினார்கள். முன்னால் போய் நின்றேன். பூசாரி கையைப் பிடித்தார். மஞ்சள் துண்டு கோத்த கயிறு மணிக்கட்டில் ஏறியது.

"கவுச்சி ஆகாது. பாயில தனியாப் படுக்கணும். திங்கக்கெழமை மஞ்சத்தண்ணி முடியிற வரைக்கும் எல்லப் பாலத்தத் தாண்டக்கூடாது. சரிங்களா?"

தலையாட்டினேன். கூட்டத்துக்குள் மச்சான் தெரிந்தான். டவுனிலிருந்து நேராக வந்திருக்கிறான். தலையில் புத்தம் புது ஹெல்மெட், கண்ணாடி மூடியபடி. அதற்குள் அவன் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் புகை அறைக்கு வந்துவிட்டான்.

"மச்சான், நல்லா யோசிங்க. எல்லன்னா எது? நம்ம கம்பெனிக்கு எத்தன தோட்டம்? கலவானப் பக்கம்கூட ஒண்ணு இருக்கு. அப்ப எல்ல கலவான வரைக்கும் போகுதுல்ல?"

"கலவான தெக்க இருக்கு மாப்ள. நம்ம போறது வடக்க."

"சும்மா கயிறுதானே, கழட்டி பைக்குள்ள வச்சுக்கிட்டு..."

"நீ கழட்டிப் பாரு" என்று கையை நீட்டினேன். அவன் இரண்டடி பின்னால் போனான்.

கயிற்றை மட்டும் பார்த்து நான் பயப்படவில்லை. காப்புக் கட்டிய நிமிடத்திலிருந்து என் மனைவி நொண்டுவதை நிறுத்திவிட்டாள். கோயில் படியை ஒரே மூச்சில் ஏறினாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கண் முன்னாலேயே இரண்டு தடவை போய் வந்தாள். லயத்துப் பெண்கள் எல்லாரிடமும், "அவரு நேர்த்தி வச்சாரு, வலி போன எடம் தெரியல" என்றாள். இதற்கு மேல் கயிற்றைக் கழற்றினால் அம்மன் என்னைச் சும்மா விடலாம், அந்த லயத்துப் பெண்கள் விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீச்சட்டியைக் கையில் வாங்கினேன். வேப்பிலைக்கு மேல் சட்டி, சட்டிக்குள் நெருப்பு. நெருப்பு எனக்குப் புதியது அல்ல. ஆட்கள்தான் புதிது. ஆனால் தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்ததும் என்ன ஆனதென்று தெரியவில்லை, கால் தானாகப் போனது. கோயிலை மூன்று சுற்று என்றார்கள். நான் ஐந்து சுற்றினேன் என்று பிறகு சொன்னார்கள். ஓபீசர் குடும்பத்தோடு வந்து, வெள்ளைத் துணியில் முடிந்த காசை உண்டியலில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெரிய வெட்கமாகிவிட்டது. பொய் சொல்லி லீவு வாங்கியவனை அப்படிக் கும்பிடக்கூடாது.

திங்கட்கிழமை மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கயிறு வெட்டி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நாலு நாள் லீவும் முடிந்தது. ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. மகன் ஏற்கெனவே வண்டியில் சாமான் பெட்டி கட்ட அளவெடுத்துவிட்டான்.

மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். கலண்டர் தாள். ஈரம் பட்டுச் சுருங்கி, பிறகு ஸ்திரிக்கைப் பெட்டி வைத்து நீட்டியிருந்தது. பொல்கஹவெல, குருநாகல், அநுராதபுரம்.

"காக்கி டவுசர் பையில இருந்துச்சு. தொவைக்கிறப்ப பாத்தேன்."

"எப்ப?"

"நேர்த்தின்னு நீங்க சொல்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி."

எனக்கு முதுகில் அந்தக் கை ஞாபகம் வந்தது. "அப்ப கோயில்ல என்னயத் தள்ளுனது..."

"வேற யாரு? முழங்காலுக்கு நேர்த்தி வச்சீங்களாம். அந்த முழங்காலுக்காரிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நாலு நாளைக்கு எங்கயோ போறாரு, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு சொல்லுவாராம்."

"அத யாரு சொன்னா?"

"எந்தம்பி வாய்ல எது நிக்கும்? ரெண்டு தட்டு தட்டுனேன், எல்லாம் வந்துருச்சு." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானும் வாரேன்."

"அவ்வளவு தூரம் ஒன் முழங்கால்..."

"அதுதான் நீங்க நேர்த்தி வச்சு சொகமாயிருச்சே! ஊருக்கே தெரியும். இல்லன்னு சொல்லப் போறீங்களா?"

 எப்படிச் சொல்வது? தீச்சட்டி எடுத்தவன் வேறு.

ஆனால் திரும்பவும் லீவு வேண்டும். இந்தத் தடவை மச்சான் கொண்டுவந்த காரணம் ஒரு மரணம். மனைவி அவனைப் பார்த்த பார்வையில் அவனே அந்த மரணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் தனியாக ஓபீசர் மேசைக்குப் போனேன். அவர் எழுந்து நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை.

"சேர், மோட்டார் பைக்கில் யாழ்ப்பாணத்துக்குப் போகணும். நாலு நாள்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"இன்னொரு பாரமா?"

"இல்ல சேர். நிகங்." சும்மா என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகு, மேலும் சொல்ல வேண்டும் போலிருந்தது. "போன தடவையும் அதுக்குத்தான் கேட்டேன் சேர். பாரம் எதுவும் இருக்கல. பாதை முடியிற எடத்தப் பாக்கணும். ஒன்றாம் தேதிக்குப் பிறகு வண்டி இல்ல."

என் வாழ்க்கையில் அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். பாரம் இல்லாமல் தீச்சட்டி எடுத்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐந்து சுற்றா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். அவருக்கும் இளவயதில் அந்தப் பக்கம் பைக்கில் போக ஆசை இருந்ததாம், அப்போது சண்டைக் காலம், போக முடியவில்லையாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, பருத்தித்துறை வடை பத்து பக்கெட் கொண்டுவரச் சொன்னார்.

புதன்கிழமை விடிய நாலரைக்குக் கிளம்பினோம். மச்சான் வந்து வழியனுப்பினான். அவனுடைய புது ஹெல்மெட் அவன் அக்காவின் தலையில் இருந்தது. "பாத்து போடு, கண்ணாடியில கீறல் விழும்" என்பதைத் தவிர அவன் எதுவும் பேசவில்லை. அவன் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கலண்டர் தாள் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் மனைவி சின்ன எழுத்தில் 'தேத்தண்ணி' என்று எழுதியிருந்தாள்.

லயம் தாண்டி, பெக்டரி தாண்டி, எல்லைப் பாலத்துக்கு வந்தோம். அதன்மேல் முன் சக்கரம் ஏறியதுதான் தாமதம், தோளில் ஒரு தட்டு.

"நிப்பாட்டுங்க. முழங்கால் வலிக்குது."

அப்படியே நிறுத்திவிட்டேன்.  அரை மைல் கட்டைகூட வரவில்லை, ஒன்பது ஊர் கிடக்கிறது, அம்மன் கணக்குத் தீர்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் அவள் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போங்க, போங்க. பொல்கஹவெலயில தேத்தண்ணி" என்றாள்.