யாரும் தடுக்கவில்லை

செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. படித்த நாளில் ‘ஆர்டர்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. கணக்கு வாத்தியார் எண்களை ஆர்டரில் நிறுத்துவார். ஓட்டலில் சர்வர் ஆர்டர் கேட்பார். கோர்ட்டில் நீதிபதி ஆர்டர் போடுவார். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் எங்கள் குப்பத்திலோ கரைவலை போட முறை உண்டு. இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு என்று ஊர் சொல்லும். அதையெல்லாம் ஓர் ஆர்டராக நான் மதிக்கவே இல்லை.

எழுபதுகளில் ஒரு வருஷம், எங்கள் முறையன்று கடல் கொந்தளித்து வலை இறக்க முடியாமல் போனது. முறை தாண்டிவிட்டது, அடுத்த சுற்று வரை பொறு என்றது ஊர். அதற்குள் மீன் பருவமே முடிந்துவிடும். வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியும் அண்ணன் பொறுத்திருப்பார். நான்தான் வக்கீலிடம் இழுத்துப்போனேன். அண்ணன் வலை போடுவதை யாரும் தடுக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது.

அந்தக் காலையில் புது பேண்ட் போட்டுக்கொண்டு, உத்தரவைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். படகை அலைக்குள் தள்ளப் பத்துப் பதினைந்து தோள்கள் வேண்டும். அண்ணன் தனியாக முட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“யாரும் தடுக்கக்கூடாதுன்னு ஆர்டர் கீது!” என்று கத்தினேன்.

“யாருப்பா தடுக்கறாங்கோ? தள்ளிக்கினு போ,” என்றார் ஊர்த்தலைவர்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊரின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“உன் தம்பி வுழமாட்டானா?” என்று கேட்டார் தலைவர்.

“அவன் படிச்ச புள்ள. வுட்ருங்க. அவனுக்கும் சேத்து நானே வுழறன்,” என்று அண்ணன் மறுபடி விழுந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முழங்கால் மடங்கவில்லை. படித்த பிள்ளையாகவே நின்றேன்.

“எய்ந்திரு. ஊரு சொல்லுது, வலைய எறக்கிக்கோ,” என்றார் தலைவர். அத்தனை பேரும் எழுந்து வந்து படகுக்குத் தோள் கொடுத்தார்கள். நானும் கைவைக்கப் போனேன். சின்ன வயதில் என்னோடு நீந்தப் பழகியவன் ஒருவன் என்னை மெல்ல விலக்கினான்.

“நவுரு மச்சான், பேண்ட்டு நனஞ்சிடும்.”

அவன் கேலிகூடச் செய்யவில்லை. நகர்ந்துகொண்டேன். படகு அலையைத் தாண்டிப் போனது. என் பேண்ட் நனையவில்லை.