மாமா ஏன் தெருவுக்குப் போய் இருமுகிறார்

போன வாரம் உங்கள் மாமா வந்திருந்தபோது, சாப்பாட்டின் நடுவே எழுந்து தெருவில் போய் நின்று இருமிவிட்டு வந்தார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சின்னவன் அவரைப்போல் நடந்துகூடக் காட்டினான். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு, இவர்களுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன். வருகிறபடி எழுதுகிறேன், படியுங்கள்.

அறுபதுகளில் உங்கள் மாமா பாட்டுக்காரர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நம்மவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் அவர் குரல்தான். தேதி பேசுவது, ஆர்மோனியக்காரரையும் தபலாக்காரரையும் பஸ் ஏற்றுவது, மாமாவின் தொண்டைக்குள் ஐஸ் போகாமல் காவல் காப்பது எல்லாம் என் வேலை. முதுநகர் மண்டியில் வேலை முடிந்த நேரத்தில் இதைப் பார்த்தேன்.

அந்த வருஷங்களில் முஹர்ரமும் சஃபரும் கோடையில் வந்தன. அந்த இரண்டு மாதமும் நம் வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆர்மோனியம் துணி போர்த்திக் கிடக்கும். குரலையும் பேரையும் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும், அவை கழிந்து மவுலிது மாதம் பிறந்ததும் தானாக ஆள் தேடி வரும் என்பேன். மாமாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

அப்போதுதான் ஒரு லேகியக்காரன் வந்தான். சந்தை சந்தையாக இருமல் லேகியம் விற்பவன். கூட்டம் சேர்க்கப் பாட்டு வேண்டுமாம். பாட்டு மட்டும் என்று பேசித்தான் ஒத்துக்கொண்டேன். புவனகிரி சந்தையில் கடை விரித்த பிறகு அவன் புதிதாக ஒன்று சொன்னான்.

"பாய், மொதல்ல நெஞ்சப் புடிச்சிகினு நல்லா இருமு. நான் லேகியம் குடுப்பேன். முழுங்கிட்டு அப்பறமா பாடு. ஜனம் அப்படியே விழும் பாரு."

"பேசனதுல இது இல்லியே," என்றேன்.

மாமா சிரித்தார். "இருமறதுக்கு இன்னா மச்சான், சுருதி சேக்கணுமா? பாடறத வுட சுலுவு."

இருமினார். லேகியமா அது! காறிப்போன நெய் வாடை அடிக்கும் கறுப்புக் களி. சட்டி விளிம்பில் ஈ ஒட்டிச் செத்துக் கிடக்கும். அத்தனை பேருக்கும் ஒரே கரண்டி. மாமா நக்கியதை வேட்டியில் துடைத்து அடுத்தவர் வாயில் வைப்பான். அவர் எச்சில் காய்வதற்குள் இன்னொருவர் வாயில். வெள்ளைச் சட்டைக்காரர்கள்கூட ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். பிறகு மாமா உருகிப் பாடினார். "லேகியம் வேல செய்யுது டோய்" என்றான் ஒருவன். பாட்டு நன்றாயிருக்கிறது என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

"பேரு கெட்டுப்போவும், வேணாம் மச்சான்" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்திலும் போய் இருமினார். போகப் போக, பார்க்கிற எனக்கே பயம் வரும்படி இருமக் கற்றுக்கொண்டார்.

மவுலிது மாதம் பிறந்தது. ஆள் யாரும் தேடி வரவில்லை. முன்னமே பேசி வைத்த ஒரே ஒரு கல்யாணம் சிதம்பரத்தில் இருந்தது. அது நன்றாக நடந்தால் மற்றதெல்லாம் தானே வரும் என்று போனோம்.

பாட்டுக்கு முன் சாப்பாடு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதுதான் நம் வழக்கம். நானும் மாமாவும் ஒரு பக்கம், எதிரே இரண்டு பேர். அதில் ஒருவர் ஜவுளி வியாபாரி. புவனகிரியில் மாமாவுக்கு அடுத்து அந்தக் கரண்டிக்கு வாயைத் திறந்தவர் அவர்தான். மாமாவை உற்றுப் பார்த்தார். சோற்றில் வைத்த கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்பா, சந்தையில இருமிகினு கெடந்தது நீதான?"

"அது சும்மா நடிப்பு, பாய்," என்றார் மாமா.

"நடிப்பா? கொடலு வெளிய வந்துடறாப்ல இருமின! டி.பி.காரன்கூட ஒரே சஹனா? நான் புள்ளகுட்டிக்காரன்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே கரண்டிய நக்கனீங்களே பாய், அப்ப டி.பி. தெரியலியா?"

"அது மருந்துப்பா. மருந்துல எப்படித் தொத்தும்?"

எழுந்தார். கூட இருந்தவரும் எழுந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். துண்டு நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "நீங்க சாப்ட்டுட்டுப் போங்க தம்பி. பாட்டுக்கு ரெக்கார்டு போட்டுக்கறோம்."

நாலு பேர் சோற்றின் முன்னால் நாங்கள் இரண்டு பேர். கறியை அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், பருக்கை ஒன்று புரையேறிவிட்டது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எத்தனை கல்யாணங்களில் பாடிய தொண்டை! இருமவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். விலகி வழிவிட்ட ஆட்களைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, தெருவில் நின்ற ஜட்கா வண்டிகளுக்கும் அப்பால் போய்த்தான் இருமினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன், அது நிஜ இருமல். உள்ளே ரெக்கார்டு பாட ஆரம்பித்துவிட்டதால் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் அவர் இருமியதும் இல்லை, நம் வீடு உட்பட.

சின்னவனே, அடுத்த தடவை அவர் எழுந்து போனால் நீ நடந்து காட்ட வேண்டாம். அன்று நான் இருந்ததுபோல, அவர் திரும்பி வரும்வரை சஹனில் கை வைத்தபடி உட்கார்ந்திரு.