மெர்வின் சாரின் முதல் ரீல்

காலை ஒன்பது நாற்பதுக்கு, நாவலூர் சிக்னலில் நான் காரில் நின்றிருந்தபோது, பிளஸ்ஸியின் அழைப்பு வந்தது. அன்று வியாழக்கிழமை. பிளஸ்ஸி எங்கள் எதிர்வீட்டு மெர்வினின் மனைவி. அந்த நேரத்தில் அவள் யாரையும் அழைப்பதில்லை. அது மெர்வினைக் குளிப்பாட்டும் நேரம்.

"வைத்தி அண்ணா, ஆபீஸ் போயிட்டீங்களா?"

"இல்லம்மா, கிட்ட வந்துட்டேன். சொல்லு."

"ஒன்பது பத்துக்குப் போயிட்டாங்க அண்ணா. ஒரு மூச்சு விட்டாங்க, அடுத்ததுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். வரல. நீங்க பதறாம ஓட்டிட்டு வாங்க."

வண்டியைத் திருப்பினேன். பின் இருக்கையில் ஒரு நீலத் துணிப்பை கிடந்தது. அதற்குள் மெர்வினுடைய தூண்டில் ரீல் இருந்தது. நூல் சிக்கலை எடுத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவனிடமிருந்து வாங்கிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

மெர்வினுக்கு நாற்பத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, கல்யாணம் ஆனது எல்லாமே தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவான். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவான். அது தொடங்கிய புள்ளியிலேயே வந்து மூடும். பையன்கள் மரக் காம்பஸை வைத்துச் சரிபார்ப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வான். அவன் அடித்துக்கொண்ட பெருமை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஊரடங்குக் காலத்தில் அமெரிக்கர்கள் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினான். அதில் பாஸ் என்று ஒரு மீன். அது நம் ஏரிகளில் கிடையாது. ஆனால் அது செய்வதையெல்லாம் நம் விரால் செய்யும் என்பது அவன் கட்சி. இலைக்கடியில் பதுங்கியிருக்கும், மேலே தூண்டில் முள் மாட்டிய ரப்பர் தவளை ஓடினால் பாய்ந்து கவ்வும். மாடம்பாக்கம் ஏரியில் சாதாரணத் தூண்டில் ராடை வைத்து இரண்டு வருடம் பழகினான். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, தனக்கு ஒரு பெய்ட்காஸ்டர் வேண்டும் என்றான்.

சாதாரண ரீலில் நூல் சுற்றியிருக்கும் சுருள் அசையாது, நூல்தான் அவிழ்ந்து போகும். பெய்ட்காஸ்டரில் சுருளே சுற்றும். எறிந்த தவளை காற்றில் வேகம் குறையும்போது சுருளின் வேகம் குறையாது. அப்போது கட்டைவிரலால் அதை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தவளை தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்தி நிறுத்த வேண்டும். தவறினால் நூல் உள்ளேயே சுழன்று காக்கைக்கூடு மாதிரி ஆகிவிடும். நாங்கள் அதைக் கூடு என்றே சொல்வோம்.

"நெஜ பிரேக் மெஷின்ல இல்ல ஐயரே, விரல்ல இருக்கு," என்றான். "அதான் அதோட அழகே."

நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருப்பவன். மீன் சாப்பிடாதவன். ஆனால் எதையாவது பட்டியல் போட்டு ஒப்பிடச் சொன்னால் விடமாட்டேன். நான்கு மாதம் இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டோம். ராடு ஆறரை அடியா, ஏழு அடியா? தவளையை இலைக்கு மேல் இழுக்க நுனி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும்? கைப்பிடி இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதில் மட்டும் மூன்று வாரம் போனது. எறிகிற கை ராடைக் கடைசிவரை விடக்கூடாது என்று மெர்வின் முடிவு செய்தான். வலக்கையால் எறிந்து, அதிலேயே பிடித்துக்கொண்டு, இடக்கையால் சுற்ற வேண்டும். ஆகவே இடக் கைப்பிடி.

பாரிமுனையில் காலேப் என்பவருடைய தூண்டில் கடை. மூன்றாவது முறை போனபோது அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னா சார், மறுபடியும் வந்துகினு கீறீங்க? பொண்ணு பாக்குறவன் கூட ரெண்டு வாட்டில முடிச்சுக்குவான்."

"பொண்ணா இருந்தா ஒரு வாட்டி போதும் அண்ணா," என்றான் மெர்வின். "அங்க நமக்கா சாய்ஸு? அவங்கதான் பாத்து முடிவு பண்ணுவாங்க."

"சரி, இந்தா. இத்த எட்து கைல வை. கை சொல்லும்."

ஒவ்வொரு ரீலாக வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைச் சுருளின் மேல் வைத்துப் பார்த்தான். ஏழாவதிலோ எட்டாவதிலோ கண்ணைத் திறக்காமலே தலையாட்டினான். கறுப்பு நிறம், பக்கத்தில் மெல்லிய செம்புக் கோடு. அதுதான் இப்போது என்னிடம் இருப்பது.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை விடியலில் ஏரிக்குப் போனோம். என் மனைவி ரமா வாசலில் நின்று, "சனிக்கிழமையும் அதுவுமா திருநீர்மலைக்குப் போங்கோன்னா, மீன் பிடிக்கப் போறேளே," என்றாள்.

"அவர் பிடிக்க மாட்டார் மேடம், நான்தான்," என்றான் மெர்வின். "பாவம் எனக்கு. வேடிக்கை பாக்குறது மட்டும்தான் அவருக்கு."

முதல் நாள் எறிந்ததெல்லாம் கூடு. ஜூலையில் சரிபாதி. வழக்கம்போல நான் எண்ணிக்கை வைத்தேன். ஆகஸ்டில் பத்துக்கு ஏழு நேராகப் போயிற்று. அந்த மாதம்தான் ஒன்றரைக் கிலோ விரால் ஒன்றைப் பிடித்து, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, தண்ணீரில் விட்டான். செப்டம்பரில் பத்துக்கு ஐந்து. அக்டோபரில் மூன்று.

பழகப் பழக எண்ணிக்கை ஏற வேண்டும். இறங்கியது. இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தவனும் நான்தான். என் தொழிலில் ஒரு விதி உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் நூலை மாற்றினோம். அடுத்த வாரம் தவளையின் எடையை. பிறகு பிரேக் திருகை ஒவ்வொரு எண்ணாக. பிறகு சுருளின் பேரிங்கைக் கழற்றி எண்ணெய் விட்டேன்.

"பேரே வைத்தீஸ்வரன். ரீலுக்கு வைத்தியம் பாக்குறாரு," என்று சிரித்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, எறிந்த ஆறும் கூடு. "குடு இங்க, வாத்தியாரே," என்று ராடை வாங்கி நான் எறிந்தேன். அதுவரை நான் எறிந்ததில்லை, எப்படி எறிவது என்று பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது. தவளை நேராகப் போய் விழுந்தது. இரண்டாவது தடவையும் நேராக. மூன்றாவதும்.

"ரீலு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "உனக்குத்தான் கை வரல."

"ஆமா, ஐயர் கைல மீனுக்கே பயம் இல்ல, நிம்மதியா வழி விடுது," என்றான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நூலை மாற்றினேன், எடையை மாற்றினேன், திருகை மாற்றினேன். எறிகிற ஆளை மாற்றியதும் கோளாறு போய்விட்டது. என்னிடம் வேலை பார்க்கும் சின்னப் பெண்கூட அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். நான் வரவில்லை. டிசம்பரில் வேறொரு ரீலை வாங்கிப் பார்க்கச் சொன்னேன்.

ஜனவரியில் காலேப்பின் கடைக்குப் போனோம். மெர்வின் புது ரீல் ஒன்றைக் கையில் வைத்துச் சுருளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். காலேப் ரீலைப் பார்க்கவில்லை.

"சார், கைய காட்டு."

"எதுக்குண்ணா?"

"காட்டு சார்."

வலக்கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இடக்கையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அது நிறைவாக இருந்தது.

"ரீலு வோணாம் சார்," என்றார். "மொதல்ல டாக்டராண்ட போ."

திரும்பும் ரயிலில் பல்லாவரம் தாண்டும்வரை மெர்வின் தன் சட்டையின் மேல் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "சட்டைப் பட்டன் பிளஸ்ஸிதான் போட்டு விடுறா, பொங்கலுக்கு முன்னாடியிருந்து," என்றான். "குளிருன்னு நெனச்சேன்." சென்னையில் ஏது அந்த மாதிரிக் குளிர் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் வட்டம் மூடாமல் நின்றுபோவதைப் பையன்கள் கவனித்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. சார் வேண்டுமென்றே விடுகிறார் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். கையில் தொடங்கியிருக்கிறது, எல்லா இடத்துக்கும் வரும், கடைசியில் மூச்சுக்கு வரும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மருத்துவர் மெர்வினைப் பார்த்தே இதையெல்லாம் சொன்னார். செப்டம்பரிலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டேன்.

"பெரிய வித்தியாசம் இருந்திருக்காது," என்றார்.

பெரிய என்ற அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. வெளியே வந்ததும் மெர்வினிடம் சொன்னேன், "நாலு மாசம் ரீலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்டா."

"நான் மட்டும்? என் கைய நானே பாக்கல," என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த ரீலை மாத்த வேணாம். அதுலதான் இன்னும் ஒரு தடவை நேரா எறியணும்," என்றான்.

அதற்குப் பிறகு அவன் எதைக் கேட்டாலும் அதைத்தான் கேட்டான். ஒரே ஒரு எறி. விரலால் நிறுத்தியது, கூடு கட்டாதது. பள்ளிக்கூடத்தைப் பற்றியோ வெளிநாட்டு மருந்தைப் பற்றியோ அவன் பேசியதில்லை. வலக்கை போய்க்கொண்டிருந்ததால் இடக்கையால் பழகத் தொடங்கினான். எறிவான், நான் ராடை வாங்கிக்கொண்டு சுற்றுவேன். அத்தனை வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த கைப்பிடி இப்போது எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். இடக்கை சரியாக வருவதற்குள் அதிலும் பள்ளம் விழுந்துவிட்டது.

இரண்டாவது வருடம் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பேச்சு குழறியது. பிளஸ்ஸிக்கும் எனக்கும் மட்டும் புரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று எறி, மூன்றும் கூடு. கரையில் உட்கார்ந்து நான் கூட்டைப் பிரிப்பேன். முடியாவிட்டால் கத்தரியால் அறுத்துப் போடுவேன். தூண்டில்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் அது.

கடைசியாகப் போனது அவன் இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால். காற்று இல்லை. ராடை அவன் இடக்கையில் வைத்து, விரல் நழுவாமலிருக்க என் விரலையும் மேலே வைத்தேன்.

"உன் வெரல எடு," என்றான்.

எடுத்தேன். தோளை முழுவதும் திருப்பி, உடம்பால் எறிந்தான். தவளை தாழ்வாக, நேராகப் போயிற்று. இவ்வளவு தூரம் ஆகஸ்டிலும் போனதில்லை. அல்லி இலைக்கு ஒரு சாண் தள்ளி, அவன் பார்த்த இடத்திலேயே விழுந்தது. அந்த நொடியில் கட்டைவிரல் அழுத்த வேண்டும். அது இறங்கவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பார்த்தேன். சுருள் சுற்றிக்கொண்டே இருந்தது. ரீலுக்கு வெளியே வரும்வரை நூல் பொங்கியது.

"நேரா போச்சா?"

"போச்சுடா. அளந்து வெச்ச மாதிரி."

கூட்டைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடு அதுவரை கட்டியதில்லை. பையிலிருந்து கத்தரியை எடுத்தேன். மெர்வின் தலையை ஆட்டினான். வார்த்தை வர நேரமாயிற்று.

"அறுக்காத. நேரா போன நூல் அது. அறுக்காம எடுத்துக் கொண்டா. அடுத்த வாரம் நிறுத்திடுவேன்."

அடுத்த வாரம் ஆபீஸில் வேலை நெருக்கடி. அதற்கடுத்த வாரம் அவனுக்குச் சளி. ரீல் காரிலேயே கிடந்தது. எதிர்வீடுதான், பத்தடி தூரம். ஒருநாள் மாலைகூட அதை எடுத்து வைத்துக்கொண்டு நான் உட்காரவில்லை.

அடக்கம் வெள்ளிக்கிழமை மாலை. பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள். பாடகர் குழு அவனுடைய இடத்தைக் காலியாக விட்டு நின்று பாடியது. பெட்டிக்குள் அவனுக்குக் கோட்டு போட்டு, அவர்கள் வழக்கப்படி இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை மாட்டி, மார்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். கையுறைக்குள் எல்லார் கையும் நிறைவாகத்தான் தெரியும். அவன் கட்டைவிரலை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்கிற விஷயமா அது?

கல்லறையிலிருந்து திரும்பியபின் பிளஸ்ஸி என்னிடம் வந்தாள்.

"ரீல் உங்ககிட்டதானே அண்ணா இருக்கு?"

"ஆமாம்மா."

"புதன்கிழமை ராத்திரி கேட்டாங்க. வைத்தி சிக்கல எடுத்துட்டானான்னு. எடுத்துட்டிருப்பாருன்னு சொன்னேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவன் கேட்டான், அதைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

ரமாவின் கொக்கி ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு இந்த எட்டு நாளாகப் பிரிக்கிறேன். மேல் வளையத்தை இழுத்தால் கீழ் வளையம் இறுகுகிறது. எது எதன் கீழ் போகிறது என்று பார்த்து, தளர்த்தி, ஒன்றொன்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. இதுவரை நாற்பத்திரண்டு அடி நூல் அறுபடாமல் வெளியே வந்திருக்கிறது. மீதி சுருளுக்குள் இருக்கிறது.