ராக் மணியத்தின் ரப்பர் மொட்டை

இன்று மத்தியானம் புக்கிட் பெருந்துங் மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பாடகன் ராக் மணியத்தின் வாழ்க்கைக் கதையாம். கிழவனாகியும் அவனே நடித்திருக்கிறான். “கைக்காசு போட்டு எடுத்த சின்னப் படம்மா, குறை சொல்லாதீங்க” என்று மகள் மிரட்டித்தான் கூட்டிப் போனாள்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அவன் அம்மா சாகும் காட்சி வரும் வரைக்கும்.

படத்தில் அவன் கதறி அழுது, தோள் வரை வளர்த்த முடியை இறக்கி, கொள்ளி வைக்கிறான். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. எனக்கோ அவன் காதோரம் சுருங்கி நின்ற ரப்பர் தொப்பிதான் தெரிந்தது. நடிப்புக்குக்கூட முடியைக் கொடுக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பர் மொட்டை!

படம் விட்டதும் வாசலில் மணியம் குதிரைவால் முடியைத் தடவிக்கொண்டே வந்தான்.

“அக்கா, அழுதீங்களா?”

“அழுதேன்டா. அன்னைக்கு மொட்டை போட்டுக் கொள்ளி வெச்சது என் வீட்டுக்காரரு. பக்கத்து வீட்டு மனுசன். நீ கோலாலம்பூர்ல தலைய ஆட்டிப் பாடிக்கிட்டு இருந்த.”

“அது டைரக்டர் எழுதுன கதை லா, அக்கா.”

“அப்ப செத்தது டைரக்டரோட அம்மாவா?”

அவன் அடுத்தவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டான். படம் முடிந்து ஓடிய நன்றிப் பட்டியலில் சாப்பாட்டுக் கடையின் பெயர்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் இல்லை.

அந்தச் சாவுக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். ரப்பர் தொப்பியைப் பார்த்து அழுதவர்களும் எழுதலாம். யார் யார் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.