கொடியில் போடாத பெட்ஷீட்டுகள்

அந்த மெஷினை நான் முதலில் பார்த்தது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில். துணி காய வைக்கிற மெஷின். கண்டிக் குளத்துப் பக்கம் மூடிப்போன ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து வந்ததாம். கதவுக் கண்ணாடி மங்கிக் கிடந்தது, பின் தகடு துருப்பிடித்திருந்தது, துணி போடுகிற டிரம்முக்குள் யாரோ பழைய பூட்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். "இது ஓடாதுங்க, தகட்டுக்காக வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். நான் பூட்டுகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். தொம் தொம் என்று இடித்துக்கொண்டே சுற்றியது. ஆட்டோவில் ஏற்ற முடியாமல் சின்ன லொறி ஒன்று பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஹந்தானையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி மூடப்படும் வரை நான் அங்கே ட்ரையர் பகுதியில் வேலை பார்த்தவன். ஈரத் தூளைச் சூட்டுக் காற்றில் காய வைப்பதுதான் என் வேலை. அதனால் இந்த மெஷினைப் பார்த்ததும் நம்ம ஆள் என்றுதான் தோன்றியது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கால் திரும்பவில்லை. படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். முதல் தடவை அப்படிப் போனபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அன்று முழுக்க இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். எத்தனை பிள்ளைகளின் ஈரத் துணியை அலசிப் போட்டிருப்பாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லித்தான் ஆறுதல்படுத்தப் பார்த்தேன். "அதுங்க பிள்ளைங்க. நான் பிள்ளையா?" என்று கேட்டாள்.

பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பெட்ஷீட்ட மட்டும் வெளியில காயப் போடாதீங்க. மத்தது என்ன வேணா போடுங்க."

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. முன்வாசலில் மட்டுந்தான் வெயில் விழும், கொடியும் அங்கேதான். அதற்கு மேலே ரோடு. பஸ்ஸுக்குப் போகிற அத்தனை பேரும் எங்கள் கொடியைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது, யார் வீட்டில் புதுச் சேலை எடுத்திருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் கொடியை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதில் என் மனைவி பெரிய கெட்டிக்காரி. அடுத்த வீட்டுக் கொடியை இத்தனை காலம் படித்தவளுக்குத் தன் கொடியை மற்றவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று தெரியாதா? நான் சரி என்றேன். சொன்னது சுலபம்.

துவைப்பதில் சிரமம் இல்லை. இரண்டு தொட்டி வைத்த பழைய வாஷிங் மெஷின் ஒன்று பின்பக்கம் சும்மா கிடந்தது. பெல்ட்டை மாற்றி, அடைத்துப் போயிருந்த குழாயைச் சுத்தம் செய்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. காய்வதுதான் பெரும்பாடு. கண்டி மழைக்குக் குசினிக்குள் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் எந்தப் பெட்ஷீட் காயும்? இரண்டு நாள் தொங்கினாலும் ஓரத்தில் ஈரம் நிற்கும், வாடை அடிக்கும். அந்த ஈரம் பட்டு அவள் முதுகு சிவந்து புண்ணாகப் பார்த்தது. அப்போதுதான் இரும்புக் கடைகளாக ஏறி இறங்கத் தொடங்கினேன்.

மெஷினைக் குசினியில் கழற்றிப் போட்டேன். சூடாக்குகிற கம்பிச் சுருள் அறுந்திருந்தது. டவுனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் அதே அளவுக்குப் புதுச் சுருள் கிடைத்தது. சூடு கூடினால் தானாக நிறுத்துகிற சுவிட்சும் செத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினேன். அது இல்லாமல் ஓட்டலாம் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். ட்ரையர் தீப்பிடிப்பதைப் பார்த்தவன் நான், நல்லாத் திட்டிவிட்டு வந்தேன். காற்று வெளியேறச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ஆவி ரோட்டுப் பக்கம் தெரியாதபடி குழாயை வடிகால் பக்கம் திருப்பிவிட்டேன்.

முதல் பெட்ஷீட் காய்ந்து வெளியே வந்தபோது சூட்டோடு சூடாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். நல்ல கையால் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஃபேக்டரியை விட்டு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

மறுநாள் காலையில் கூப்பிட்டாள். "கொடியில போடல, சரி. ஆனா இது தெருவுக்கே சத்தம் போட்டுச் சொல்லுதே."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்ட பிறகு ஒரு குறையா என்று கத்திவிட்டுக் குசினிக்குப் போனேன். நின்று கேட்டேன். அவள் சொன்னது சரி. தொம் தொம் என்று சரிவில் எங்களுக்கு மேலே இருக்கிற வீடு வரை கேட்கும். மேல் வீட்டுக்காரி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவள், வாய் கொஞ்சம் நீளம், எங்கள் தெருவுக்கு ரேடியோவே அவள்தான். அவள் காதில் விழுந்தால் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விடும்.

மறுபடி கழற்றினேன். டிரம்மைத் தாங்குகிற ரப்பர் சக்கரங்கள் பல வருஷம் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிப் போயிருந்தன. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தடித்த ரப்பரில் புதிதாக வெட்டி வாங்கினேன். டிரம்மின் விளிம்பில் இருந்த கம்பளித் துணியும் தேய்ந்திருந்தது. அதற்கு என்ன செய்வதென்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவளே அலுமாரிக்கு அடியில் பார்க்கச் சொன்னாள். கொழுந்துக்குப் போகும்போது மழைக்குப் போர்த்திக்கொள்ள அவள் அம்மா வைத்திருந்த கம்பளி. "கிழிங்க" என்றாள். நான் தயங்கினேன். "அது ஈரத்துக்குன்னு இருக்கிறதுதானே" என்றாள். கிழித்தேன்.

இடி நின்றது. ம்ம் என்ற முனகல் மட்டும் மிச்சம். அதை மட்டும் என்ன செய்தும் போக்க முடியவில்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்ஷீட் நனைந்தாலும் நனையாவிட்டாலும் தினமும் விடிந்ததும் மெஷினைப் போட்டேன். தினம் கேட்கிற சத்தத்தை வைத்து யாரால் என்ன கண்டுபிடிக்க முடியும்? எனக்கே என் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஒரு காலை அவள் கேட்டாள், "இன்னிக்கு உள்ள ஒண்ணுமில்லதானே?"

"எப்படித் தெரியும்?"

"வெறும் டிரம் சத்தம் வேற."

பிடிபட்டுப் போனேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. "ஓடட்டும், விடுங்க" என்றாள்.

மேல் வீட்டுக்காரி சில நாள் காலையில் இலைக் கஞ்சி கொண்டுவருவாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாசலிலேயே வாங்கிக்கொண்டு பேச்சை மார்க்கெட் பக்கம் திருப்புவேன். அவளும் தக்காளி விலை, மழை, பஸ் என்று பேசிவிட்டுப் போய்விடுவாள். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவளை ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை தேத்தண்ணியோடு போனேன். என் மனைவி போய்விட்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று தெரிந்தது, கை எழவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மேல் வீட்டுக்காரி குடைகூட இல்லாமல் நனைந்து நின்றாள்.

"அண்ணே, மெஷின் சத்தம் கேக்கலயே."

என் முகத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் என்னைத் தாண்டி உள்ளே போனாள். மகளுக்கும் அவள்தான் போன் பண்ணினாள்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். பெட்டி வெளியேறியதும் வழக்கம்போலப் பெண்கள் வீட்டில் நின்று வீடு கழுவத் தொடங்கினார்கள். நாங்கள் ஆண்கள் காரியம் முடித்துத் திரும்பினோம். மழை விட்டு லேசாக வெயில் வந்திருந்தது. மேல் ரோட்டிலிருந்து பார்த்தேன், எங்கள் கொடி நிறையத் துணி. அவளுடைய சேலைகள், என் சாரம், ஜன்னல் திரை, கதிரை உறை, எல்லாம் அலசிப் போட்டிருந்தார்கள். பெட்ஷீட் மட்டும் ஒன்றுகூட இல்லை.

படி இறங்கும்போது குசினிப் பக்கமிருந்து ம்ம் என்று கேட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே போகக் கூடாது. பின்கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல் வீட்டுக்காரி மெஷின் முன்னால் குந்தியிருந்தாள்.

"வெயில் வந்திருச்சே, இதை ஏன் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பெட்ஷீட்ட வெளியில போட்டா அண்ணிக்குப் பிடிக்காதேண்ணே" என்றாள்.

நான் அவளிடம் சொன்னதில்லை. என் மனைவி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அதுவரை வராத அழுகை அங்கே வந்தது. மகள் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் நிற்கும் வரை அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.