அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்

முதல் டைல் சுலபமாக வந்துவிட்டது. கலவை இன்னும் இறுகவில்லை. பட்டித் தகட்டை அடியில் செருகி மணிக்கட்டைத் திருப்பினாள். வழவழப்பான வெள்ளை டைல் சப்பென்று கையில் விழுந்தது. அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அக்கா, இருங்க," என்று டைல்ஸ் மேஸ்திரி கரண்டியோடு எழுந்தான். "காலையிலேர்ந்து குனிஞ்சு ஒட்டினது."

"நான் வாங்கி வெச்சது எங்கே?"

"சார் கடைக்கே திருப்பி அனுப்பிட்டாரு. இதை எறக்கிட்டு, ஒட்டுன்னாரு. நான் என்ன பண்ண?"

"சீலர் அடிச்சுட்டு ஒட்டுங்கன்னு உங்க கையில குடுத்துட்டுத்தானே வேலைக்குப் போனேன்? ஒரு போன் பண்ணத் தெரியாதா?"

"அக்காவுக்கு சர்ப்ரைஸ், வாயைத் திறக்காதேன்னாரு."

இரண்டாவது டைலை அவள் மேடையில் வைத்த வேகத்தில் மூலை தெறித்தது.

சர்ப்ரைஸ். கல்யாணமான நாளிலிருந்து கணவன் கொடுத்த சர்ப்ரைஸ்களால்தான் இந்த வீடு நிறைந்திருந்தது. அவள் மரக்கட்டில் என்றாள். இரும்புக் கட்டில் வந்தது. படுக்கையறைக்கு இளம்பச்சை என்றாள். வேலையிலிருந்து திரும்பியபோது நான்கு சுவர்களும் ரோஸ் நிறத்தில் நின்றன. வெளியூரில் படிக்கும் மகளுக்கு அவள் அலைந்து தேடிய விடுதியைக்கூடக் கடைசி நேரத்தில் மாற்றினான். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம்: "நல்லதா பார்த்து மாத்திட்டேன்." ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பல்தான் அவள் பிழைப்பும். ஒரு பல் லேபில் பீங்கான் பல் செய்கிறாள். தெருவில் அவளுக்குப் பெயரே பல்லக்கா. ஈரப் பீங்கான் மாவைத் தூரிகை நுனியில் எடுத்து ஏற்றி, சூளையில் சுட்டு, மறுபடி ஏற்றவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாசுமருவில்லாத வெள்ளைப் பல் ஒன்றைச் செய்து பெருமையாக அனுப்பினாள். பல் டாக்டரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. வாய்க்குள் வாஷ்பேசினை வைத்ததுபோல் இருக்கிறதாம். அதன் பிறகுதான் விரிசல் வரையக் கற்றுக்கொண்டாள். விளிம்பில் கொஞ்சம் பழுப்பு, நடுவில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மயிரிழைக் கோடு. அந்தக் கோடு விழுந்ததும் பல்லுக்கு உயிர் வந்துவிடும்.

கடையில் அந்தச் செங்கல் வடிவ டைலைக் கண்டதும் கை தானாக நீண்டது அதனால்தான். பால்வெள்ளை மேல்பூச்சுக்குள் வலைபோல விரிசல்கள். ஓரங்கள் கையால் அறுத்தது மாதிரி லேசாக நெளிந்திருந்தன. "மெஷின்லதான் மேடம் செய்றாங்க, பார்க்கத்தான் கைவேலை மாதிரி," என்றார் கடைக்காரர். அதுவும் அவளுக்குப் பிடித்தது. அவள் செய்வது மட்டும் என்ன?

கணவன் பக்கத்தில் நின்று, "உடைஞ்சதுக்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

மாதிரிக்கு ஒன்றை எடுத்துவந்து அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். காலை வெயிலில் பார்த்தாள், டியூப்லைட்டில் பார்த்தாள். பாதிக்குக் கறை இறங்காமலிருக்கச் சீலர் தடவி, மீதியை அப்படியே விட்டு, மொத்தத்தின் மேலும் டீயை ஊற்றினாள். தடவாத பக்கம் விரிசலெல்லாம் டீ இறங்கிப் பழுப்பாயின. தடவிய பக்கத்தைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் சுத்தமாகிவிட்டது. இவ்வளவும் அவன் கண்ணெதிரில் நடந்தது. அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் பைக் நின்றது. உள்ளே வந்தவன் மேடையில் கிடந்த டைல்களைப் பார்த்தான்.

"என்னடி இது? பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"கிட்ட வராதீங்க."

"எங்க அக்கா காலையில வந்து பெட்டியைத் திறந்து பார்த்தா. காசு குடுத்து யாராவது விரிசல் வாங்குவாங்களா, வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னா. நியாயந்தானே?"

"உங்க அக்காவா தினம் இந்தச் சுவத்து முன்னாடி நிக்கப்போறாங்க?"

"நல்லதா பார்த்துத்தானே..."

"அந்த வார்த்தை இனிமே என் காதுல விழக்கூடாது. நாளைக்கு நான் செத்தா, என் படத்துல வேற மூஞ்சியை மாட்டிட்டு, 'நல்லதா பார்த்து மாத்திட்டேன்'னு நிப்பீங்க!"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான்.

"ஒரு டைலுக்கா இவ்வளவு கூத்து?"

"டைலுக்குத்தான்."

"மேஸ்திரி, நீயாவது சொல்லுப்பா."

"சார், நான் சுவத்துல ஒட்டுறவன். மத்த ஒட்டு வேலைக்கெல்லாம் என்னை இழுக்காதீங்க."

கணவன் தகட்டைப் பிடுங்க வந்தான். அவள் விடவில்லை. உடைந்த மூலை கிழித்து அவள் விரலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அது அவன் சட்டைக் கையில் பட்டது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கடைசி டைல் வரைக்கும் பெயர்த்தாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். கடை திறந்ததும் போனாள். அவளுடைய பெட்டிகள் கதவருகே அப்படியே கிடந்தன. வண்டி பிடித்து ஏற்றிவந்தாள். மேஸ்திரி சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். டைல்களுக்குச் சீலர் அடித்துக் காயவைத்தான். மதியத்துக்கு மேல் ஒட்டினான். சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். கணவன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இறங்கிவந்து சமையலறை வாசலில் நின்றான்.

"அந்த ஓரத்துல ஒண்ணு கோணலா இருக்கே."

"இருக்கட்டும்."

பெயர்த்த வெள்ளை டைல்களை அவன் பைக் நிறுத்தும் இடத்தில் அவள் அடுக்கியிருந்தாள். அவன் பைக்கைத் தெருவில் நிறுத்தியிருந்தான்.