நுரைக்கு வந்த தண்ணீர்

சலவைத்தூள் விற்கிற தொழிலில் நுரைதான் முதலாளி, மற்ற எல்லோரும் அவருக்குக் கைகட்டி நிற்கிறவர்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் தூளைக் கொட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டால் நுரைக்குமோ என்று வாளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த என் இனத்தாருக்குத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மாதம் உங்கள் வாசலில் நின்று உங்களை ஏமாற்றியவள் நான்.

பரமக்குடித் தண்ணீர்

அதற்கு முன்னால் மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஐஸுக்குள் கை கிடந்து விரலெல்லாம் மரத்துப்போய், வீட்டில் சோறு பிசைந்தால் சூடு தெரியாது. அதனால் வீடு வீடாகப் போய்த் துவைத்துக் காட்டித் தூள் விற்கும் வேலை கிடைத்ததும் தப்பித்தோம் என்று ஓடி வந்தேன். மூன்று மாதம் பார்ப்பார்களாம், தேறினால் நிரந்தரமாம். தேறாவிட்டால் திரும்பவும் ஐஸ்தான்.

சூப்பர்வைசர் பரமக்குடிக்காரர். முதல் நாளே தூள் பாக்கெட்டுகள், கறை பிடித்த வெள்ளைத்துணி, சின்ன வாளி, இவற்றோடு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரும் கொடுத்தார். அவர் ஊரிலிருந்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்த நல்ல தண்ணீர். போகிற வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே சார் என்று கேட்டேன். அவர் கேனை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "இங்கன இருக்குற தண்ணியில நுரை வராதும்மா. நுரை வரலைன்னா நீயும் நாளைக்கு வராத."

சவூதிப் பாக்கெட்

கீழக்கரையில் ஒரு பெரிய வீடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க, "நாங்க சவூதிப் பவுடர்தான் போடுறது" என்று அந்த வீட்டம்மா என்னை அனுப்பிவிட்டார். நான் தெருமுனை திரும்புவதற்குள் கொல்லைக் கதவைத் திறந்து கை காட்டிக் கூப்பிட்டார். உள்ளே போனால், காலியான வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்றை நீட்டி, என் தூளை அதற்குள் கொட்டித் தரச் சொன்னார். பாக்கெட் மடிப்பெல்லாம் வெளுத்து, ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது.

அவர் வீட்டுக்காரருக்கு சவூதியில் வேலை போய், ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறதாம். லீவில் வந்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிற நேரம். கடன் வாங்கி வந்த தண்ணீரில் நுரை காட்டுகிற எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. ஒரு சிட்டிகைகூடச் சிந்தாமல் கொட்டிக் கொடுத்தேன். அதை வாங்கிக் குளியலறை மாடத்தில், பெயர் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மாப்புள வீட்டுப் பொம்பளைக குளிக்கிற ரூம் வரைக்கும் வந்து பாப்பாக புள்ள. பாக்கெட்டு இருந்தாப் போதும், கல்யாணப் பேச்சு நிக்காது."

வாடை

பெரியபட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில், கடலுக்குப் போகிறவர்களின் சட்டையில்கூட மீன் வாடை நிற்காது என்று மூச்சு விடாமல் பேசினேன். அந்த அக்கா அசராமல் கேட்டுக்கொண்டே நண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வாடை போச்சுன்னா எங்க நாயி அவுகள வீட்டுக்குள்ள விடாதும்மா."

கழுத்து

ரோஸ்லின், மண்டபம் பக்கம் கடற்கரைத் தெருவில் இருக்கிற பெண். என் வாளியில் பொங்கிய நுரையைப் பார்த்து முதல் வாரமே பெரிய பாக்கெட் வாங்கினாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளின் வெள்ளைச் சட்டைக்காக. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மகளை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

பிள்ளையின் கழுத்தைச் சுற்றிச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தேன், கரையாத தூள் ஏறி அட்டை மாதிரி விறைத்திருந்தது. நுரை வரவில்லையே என்று நாலு பங்கு, ஐந்து பங்கு கொட்டியிருக்கிறாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் கொடுத்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மேல்தான் தப்பு என்பது போலக் கேட்டாள்: "ஒங்க வாளியில மட்டும் எப்படிக்கா வருது?"

கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டேன்.

கடைசி வாரம்

மூன்றாவது மாதம் முடிகிற வாரம், நான் தேறுவேனா என்று பார்க்க சூப்பர்வைசரே கூட வந்தார். வேறு தெருவுக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தியது கடற்கரைத் தெருவில். நான் கேனைத் திறப்பதற்குள் ரோஸ்லின் தன் வீட்டு வாளியில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "இதுல கலக்கிக் காட்டுங்கக்கா" என்றாள்.

அவர் கண்ணால் கேனைக் காட்டினார். எனக்கு ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது, பயமாகத்தான் இருந்தது. பிள்ளை கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றது. ரோஸ்லின் வாளியிலேயே தூளைப் போட்டுக் கலக்கினேன். பால் திரிந்த மாதிரி மேலே ஓர் ஏடு படிந்தது, அவ்வளவுதான். "இந்தத் தண்ணியில இவ்வளவுதான் வரும் ரோஸ்லின். ரெண்டு கரண்டிக்கு மேல போடாத, போட்டா துணியிலயே தங்கிரும். நான் காட்டுனது பரமக்குடித் தண்ணி" என்றேன்.

சூப்பர்வைசர் பையையும் வாளியையும் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேன் மட்டும் என் கையில் இருந்தது. இப்போதாவது திட்டுவாள் என்று ரோஸ்லின் முகத்தைப் பார்த்தேன். அவள் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொடி வேணாம்க்கா. அந்தத் தண்ணிய வெச்சுட்டுப் போங்க, புள்ள சட்டைய ஒரு தடவ அலசிக்கிறேன்."

இப்போது திரும்பவும் இறால் கம்பெனியில்தான் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற இறாலைக் கழுவ, இங்கே தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது.